பதின்மூன்று மேற்படி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு அகப்பட்டது. என்னுடையது. பணி விவரத் தாளில் பதினான்கு பேருக்கான பக்கத்தில், முதல் ஆளுக்கு மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு மற்ற பதின்மூன்று பேருக்கும் ‘மேற்படி’ என்று போட்டிருக்கிறேன். ‘சிறு’ என்ற சொல் சரிதானா என்று தெரியவில்லை. பேனாவால் எழுதிவிட்டதால் அடிக்காமல் விடுகிறேன்.

இதை எழுதும் இடம் அலுவலக நிர்வாக மாலை வகுப்பின் மூன்றாவது பெஞ்சு. ஐந்தரைக்கு அலுவலகம் முடிகிறது, ஆறரைக்கு வகுப்பு. நடுவில் வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

எங்கள் துறையில் அலுவலக உதவியாளராக இருப்பவர் இளநிலை உதவியாளர் ஆக இதுவரை ஒரே வழிதான் இருந்தது: பொது அறிவு எழுத்துத் தேர்வு. நீளமான நதி எது, உயரமான சிகரம் எது என்று கேட்பார்கள். இந்த வருடம் தேர்வாணையம் அதைத் தூக்கிவிட்டது. இனி செய்முறைத் தேர்வு. ஒரு கோப்பைத் தேடி எடுக்க வேண்டும், அதைச் சுருக்கி எழுத வேண்டும், ஒரு பதில் கடிதம் தயாரிக்க வேண்டும். யாரை அழைப்பது என்பதை, அவர்கள் இப்போது செய்யும் வேலையைப் பார்த்து முடிவு செய்வார்கள். அதைச் சொல்லத்தான் பணி விவரத் தாள். பதவி உயர்வு, பயிற்சி எல்லாமே இனி அந்தத் தாளை வைத்துத்தான் என்பதால், அலுவலகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பியவள் நான்.

உதவியாளர் தேர்வுக்கு விருப்பம் கொடுத்த பதினான்கு பேரும் கடைசிப் பக்கத்தில் வந்தார்கள். தாளை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். அவர்களுடைய பணிப்பதிவேடுகளைத் திறந்தேன். எல்லாருடைய நியமன ஆணையிலும் ஒரே வாசகம்: ‘கோப்புகளை எடுத்துச் செல்லுதல், குடிநீர் வைத்தல், மேலதிகாரி இடும் பிற பணிகள்.’ அதை முதல் வரியில் எழுதினேன். பிறகு மேற்படி, மேற்படி, மேற்படி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எழுத்து கோட்டைத் தொடாமல் எழுதினேன். பக்கம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

இன்று காலை பட்டியல் வந்தது. பதினான்கு பேரில் ஒருவருக்கும் அழைப்பில்லை.

அறிவிப்புப் பலகையின் முன் கூட்டம். பதிவறையில் வேலை பார்க்கும் அக்கா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவரை எல்லாரும் ரெக்கார்டு அக்கா என்பார்கள். எழுத்துத் தேர்வை ஐந்து முறை எழுதியவர். கடைசி முறை இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. “ஆறு எங்க ஓடினா எனக்கென்ன, ஃபைல் எங்க ஓடுதுன்னு கேளுங்கப்பா” என்று அன்று சொன்னதை இன்னும் எல்லாரும் சொல்லிக் காட்டுவார்கள். மே மாதம் அவருக்கு ஐம்பது முடிகிறது. அதற்குமேல் விண்ணப்பிக்க முடியாது. இந்தத் தேர்வுதான் கடைசி.

“காரணம் போட்டிருக்கான் பாரு” என்று அக்கா விரலால் தொட்டுப் படித்தார். “குடிநீர் வைத்தல்னு இருக்காம். நம்ம ஆபீஸ்ல தண்ணி மெஷின் வெச்சு ஒம்பது வருஷமாச்சு. மெஷினுக்கு வேணா ப்ரமோஷன் கொடுக்கட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது இரண்டாவது தவறு.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இப்போதுதான் மாஸ்டர் உள்ளே வந்து போன வாரப் பரீட்சைத் தாளைக் கொடுத்தார். ‘ஒரு பதவியின் பணிகளை எவ்வாறு அறிவாய்?’ என்ற கேள்விக்கு, ‘அந்தப் பணியைச் செய்பவரிடமே முதலில் கேட்க வேண்டும்’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். இருபதுக்குப் பதினெட்டு.

மார்ச் 5, புதன்

நேற்று சாப்பிடும்போது அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அண்ணி தையல் கடை வைத்திருக்கிறார்.

“அதாவது, ஒருத்தருக்கும் அளவெடுக்காம பதினாலு சட்டை தெச்சிருக்க.”

“ஆமா அண்ணி.”

“என் கடையில இதைச் செஞ்சிருந்தா கத்தரிக்கோலை என் மேலயே எறிஞ்சிருப்பாங்க. உங்க ஆபீஸ்ல பரவால்ல, பலகையில ஒட்டி விடறாங்க.”

அண்ணன் தட்டிலிருந்து தலை தூக்கினான். “பேசாம இரு. உனக்கு இன்னும் தகுதிகாண் பருவம் முடியல. கம்ப்யூட்டர் தப்புன்னு போயிடும்.”

“கையால எழுதினது அண்ணா.”

“அப்ப ஸ்கேன் மெஷின் தப்பு.”

அண்ணன் சொல்வதும் நியாயம்தான். என் வேலையை நிரந்தரமாக்கும் அறிக்கையை எங்கள் கண்காணிப்பாளர்தான் எழுத வேண்டும். நான் தவறு செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் அவர் மேசைக்குத்தான் போகும். இந்த யோசனையிலேயே, பணி விவரத் தாளோடு வந்த சுற்றறிக்கையை மறுபடி எடுத்து முதலிலிருந்து படித்தேன். பதினோராம் பத்தியில் இருந்தது: பணி விவரம் தவறாக இருந்தால் அலுவலகமே திருத்தி அனுப்பலாம். தவறுக்கான காரணம், இரண்டு வேலை நாட்களின் மணிவாரிக் குறிப்பு, மேற்பார்வை அதிகாரியின் கையெழுத்து மூன்றும் வேண்டும். குறிப்பை அவரவரே எழுதக் கூடாது, உடன் பணிபுரியும் இன்னொருவர் பார்த்து எழுத வேண்டும். கடைசி நேரம் மார்ச் 7, மாலை ஐந்து மணி.

இரண்டு வேலை நாள் என்றால் புதனும் வியாழனும். அப்படியென்றால் இன்றே.

எட்டே முக்காலுக்குப் பதிவறைக்குப் போனேன். கூரைவரை இரும்பு அலமாரிகள், நீலத் துணியில் கட்டிய கட்டுகள், ஒரே வேகத்தில் மட்டும் சுற்றும் மேசை விசிறி. அக்கா ஏணியில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன ஸ்கேல், இன்னிக்கு எங்க கோடு போட வந்தே?”

அலுவலகத்தில் என் பெயர் அதுதான். சொல்ல வேண்டியதை வரும் வழியிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். வாயைத் திறந்ததும் பாதி மறந்துவிட்டது. “அக்கா, அந்தத் தண்ணி வைக்கறது... எழுதினது நான்தான்” என்றேன்.

அவர் இறங்கவில்லை. கையிலிருந்த கட்டை அதன் இடத்தில் செருகினார்.

“பதினாலு பேருக்கும் ஒரே வரியா?”

“உங்களுக்குத்தான் வரி. மத்தவங்களுக்கு மேற்படி.”

“ஓ, எனக்குத்தான் மரியாதை.” இரண்டு படி இறங்கினார். “மேல ரெண்டாவது மாடியில உக்காந்திருக்கே. நான் கீழ இருக்கேன். நாப்பது படி. கேட்டுட்டுப் போக உனக்குக் கால் வலிச்சுதா?”

கால் வலிக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதை அப்படியே சொன்னேன். பிறகு சுற்றறிக்கையை நீட்டினேன். புதுக் கண்ணாடியை எடுக்காமலே, தாளைத் தள்ளிப் பிடித்துப் பதினோராம் பத்தியைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணியா?”

“ஆமாக்கா.”

“நான் யார்கிட்டயும் போய் கெஞ்ச மாட்டேன். அதை இப்பவே சொல்லிட்டேன்.”

“கெஞ்ச வேண்டியது நான்தான்.”

“அது சரி” என்று இறங்கி வந்தார். “எனக்கு நீதான் எழுதணும். தண்ணி வெச்ச கையாலயே எழுது.”

ஒன்பதரைக்குள் பதினான்கு பேரையும் சாப்பாட்டு அறையில் கூட்டினோம். நான் கோடு போட்ட தாள்களை எடுத்துப் போயிருந்தேன். மணி, என்ன செய்தார், எப்படிச் செய்தார், யாருக்காக என்று நான்கு பத்தி. யாரும் தாளைத் தொடவில்லை.

தபால் பிரிக்கும் அண்ணன்தான் முதலில் பேசினார். “இதெல்லாம் எதுக்குன்னு எனக்குத் தெரியும். மணிக்கு மணி எழுதிக் கொடுத்தா, ஓ, இவன் இவ்வளவு நேரம் சும்மா இருக்கானான்னு ஆளைக் குறைப்பாங்க.”

“நீ சும்மா இருக்கறது இப்பவே ஊருக்கே தெரியும்” என்றார் அக்கா. “எழுதினாத்தான் நீ என்ன செய்யறேன்னு தெரியும்.”

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் ஜோடி பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நகல் எடுப்பவரையும் தபால் அண்ணனையும் நான் ஒன்றாகப் போட்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்து அறை, வசதி என்று. அக்கா அதைக் கலைத்தார். “இவனுங்களைச் சேர்த்தா ஒருத்தனுக்கொருத்தன் மந்திரி வேலை எழுதிக்குவானுங்க.” வாசல் காவலில் இருப்பவரிடம் மட்டும் தனியாகக் கேட்டார்: “உனக்கு எழுத வருமில்ல?” அவர் முறைத்துக்கொண்டே தாளை வாங்கினார். “பார்வையாளர் புத்தகத்தைப் பதினோரு வருஷமா யார் எழுதறான்னு நெனச்சே?” அது எனக்கும் தெரியாது.

கடைசியில் நானே பதிவறையில் உட்கார அனுமதி கேட்க வேண்டியிருந்தது. எங்கள் கண்காணிப்பாளரைப் பின்னால் ‘பார்க்கலாம் சார்’ என்றுதான் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். நடந்ததை முழுக்கச் சொல்லாமல், பணி விவரத் தாளில் ஒரு திருத்தம் இருக்கிறது, இரண்டு நாள் கீழே இருந்து பார்க்க வேண்டும் என்றேன். கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், “பார்க்கலாம்” என்றார். சரி, பார்க்கத்தானே சொல்கிறார் என்று கீழே இறங்கிவிட்டேன். வாழ்க்கையில் இவ்வளவு துணிச்சலாக நான் எதையும் புரிந்துகொண்டதில்லை.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாள் குறிப்பு முடிந்தது. அதிலும் முதல் பக்கத்தைத் திருப்பி எழுத நேர்ந்தது. புதன் காலை நான் எழுதியது இப்படி: ‘10.05 கோப்பு எடுத்தார். 10.20 கோப்பு எடுத்தார். 10.40 கோப்பு எடுத்தார்.’ மூன்றாவதை எழுதும்போதுதான் கை நின்றது. இதுவும் மேற்படிதான், சொல் மட்டும் வேறு.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். “இது இந்த அலமாரியிலதான் இருக்கும்னு எப்படிக்கா தெரியும்?”

முதலில் எரிச்சல்பட்டார். “இருக்கிற இடத்துல இருக்கு.” பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று நோட்டுகளை எடுத்துப் போட்டார். இரண்டு அலுவலகங்களைச் சேர்த்துத்தான் எங்கள் அலுவலகம் உண்டானது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பழைய அலுவலகத்துக் கோப்புகளுக்கு வேறு எண் வரிசை. அந்த எண்ணை இங்குள்ள பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. நோட்டில் பழைய எண் இடப்பக்கம், புதிய எண் வலப்பக்கம், அலமாரி எண் சிவப்பு மையில். பதினேழு வருடமாகத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்.

“இதை யார் எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லல. ஒருத்தர் பென்ஷன் கேட்டு ஏழு மாசம் நடந்தாரு. ஃபைல் இல்லேன்னு ஏழு மாசம் நாமளும் சொன்னோம். அது இதோ, ஜன்னல் பக்கம் அலமாரியில வேற நம்பர்ல இருந்தது. அன்னிக்கு ஆரம்பிச்சேன்.”

அதையும் ‘எப்படி’ பத்தியில் எழுதினேன். இடம் போதாமல் தாளின் பின்பக்கம் போனது. எனக்கு அது பிடிக்காது, ஆனாலும் போனேன்.

இன்று பதினொன்றே காலுக்கு வந்தது ஒரு நினைவூட்டல் கடிதம். அக்கா பழைய கோப்பை எடுத்து, அதில் என்ன முடிவாயிற்று என்று பார்த்து, ஒரு வெள்ளைத் தாளில் பதில் எழுதி, மேலே ஊசி குத்தி அனுப்பினார். பன்னிரண்டரைக்கு அதே வாசகம் தட்டச்சாகிக் கண்காணிப்பாளர் கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஒரு சொல்கூட மாறவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன்.

“என்ன பார்க்கறே? எழுது. மணி பன்னெண்டரை.”

இரண்டு நாளில் நாற்பத்தேழு பதிவுகள். கடிதங்கள் மட்டும் ஆறு. தண்ணீர் வைத்ததாக ஒன்றுகூட இல்லை. ஒரு தடவை குடித்தார், அதை எழுதவில்லை.

மற்றவர்களின் தாள்களும் மாலைக்குள் வந்துவிட்டன. தபால் அண்ணனைப் பற்றி வாசல் காவல்காரர் எழுதியது ஐந்து பக்கம். நகல் எடுப்பவரைப் பற்றி வந்தது அரைப் பக்கம், அதில் மணியே இல்லை. திருப்பிக் கேட்டபோது, “காலையிலேர்ந்து சாயங்காலம் வரைன்னு போட்டுக்கோ” என்றார் எழுதியவர். வற்புறுத்தியிருக்க வேண்டும். வகுப்புக்கு நேரமாயிற்று என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

காலை முழுவதும் தவறுக்கான காரணத்தை எழுதினேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் அதிகமாக அழுதிருந்தேன். இரண்டாவதில் நியமன ஆணையின் மேல் பழியைப் போட்டிருந்தேன். ஐந்தாவது மூன்று வரி: ‘பணிகளை நியமன ஆணையிலிருந்து எடுத்து எழுதினேன். பணியாற்றுபவர்களைக் கேட்கவில்லை. ஒருவருக்கு எழுதியதையே மற்றவர்களுக்கும் மேற்படி என எழுதினேன்.’

மூன்று மணிக்குக் கண்காணிப்பாளர் அறைக்குள் போனேன். அதுவரை அவருக்குக் கூட்டம். காரணத் தாளைப் படித்ததும் முகம் மாறியது.

“உனக்கென்ன பைத்தியமா? எழுத்துப் பிழைன்னு ஒரு சொல் போட்டாப் போதாதா? இது கமிஷனுக்குப் போகுது.”

“எழுத்துப் பிழை இல்ல சார். எழுத்தெல்லாம் சரியாத்தான் இருந்தது.”

“அதைத்தான் சொல்றேன். இதுல நான் கையெழுத்துப் போட்டா, முதல் தாள்லயும் நான்தானே போட்டிருக்கேன்? நீ கேக்கலேன்னா, நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேப்பாங்க.”

“ஆமா சார்” என்றேன். அது உண்மைதான்.

கடிகாரத்தைப் பார்த்தார். “பார்க்கலாம். வெச்சுட்டுப் போ.”

போகவில்லை. போயிருந்தால் அது அந்த மேசையிலேயே திங்கட்கிழமையைப் பார்த்திருக்கும். வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றரை. மூன்றே முக்கால். கீழேயிருந்து தபால் அண்ணன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா வரவில்லை. அவர் சொன்னபடி கெஞ்சவில்லை. நான்கே கால் ஆகும்போது கண்காணிப்பாளர் உள்ளே மணி அடித்தார்.

அக்காவின் தாளில் விரலை வைத்திருந்தார். “நேத்து போன இந்த லெட்டர். இது நான் எழுதினதுன்னு நெனச்சேன்.”

“நீங்க கையெழுத்துப் போட்டீங்க சார்.”

“போன மாசம் நிலம் சம்பந்தமா ஒண்ணு போச்சே, மேலிடத்துல நல்லாருக்குன்னு சொன்னாங்களே?”

“அது எனக்குத் தெரியாது சார். கேட்டுட்டு வரட்டுமா?”

“வேண்டாம்” என்றார் அவசரமாக. பிறகு என் மூன்று வரிக்குக் கீழே தன் பேனாவால் நான்காவது வரி எழுதினார்: ‘நானும் சரிபார்க்காமல் கையொப்பமிட்டேன்.’ கையெழுத்து, தேதி, முத்திரை. தாளை என் பக்கம் தள்ளும்போது பழைய குரல் வந்துவிட்டது. “உன் ரிப்போர்ட்டை இன்னும் நான் எழுதல, ஞாபகம் இருக்கட்டும். பார்க்கலாம்.”

பதினான்கு பேரின் குறிப்புகள், அக்காவின் நோட்டிலிருந்து நான்கு பக்க நகல், காரணத் தாள். ஸ்கேன் செய்யும்போது நான் ஒவ்வொரு பக்கத்தையும் எண்ண, நகல் எடுப்பவர், “எண்ணினா தாள் குட்டி போடுமா? வேகமாக் குடு” என்று பிடுங்கினார். நான்கு முப்பத்தெட்டுக்கு ஒப்புகை எண் வந்தது. அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, நாற்பது படி இறங்கி அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்.

“கால் வலிக்குதா?” என்று கேட்டார்.

“இல்லக்கா.”

இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. குறிப்பும் எடுக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஐந்து நாள் எதுவும் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, பயம் மட்டும் இருந்தது. அதைத் தேதி போட்டு எழுதுவானேன் என்று விட்டேன்.

இன்று பதினொரு மணிக்குத் திருத்திய பட்டியல் வந்தது. பதினான்கில் பதினொருவருக்கு அழைப்பு. நானே பலகையில் ஒட்டினேன். பின்னாலிருந்து நெருக்கியதால் தாள் கொஞ்சம் கோணலாகிவிட்டது, சரிசெய்ய யாரும் இடம் விடவில்லை.

அக்கா கடைசியில் வந்தார். கண்ணாடியைப் போட்டார். வரிசை எண் ஒன்றில் அவர்தான். ‘பணியின் தன்மை’ என்ற பத்தியில் ஐந்து வரி இருந்தது. ஐந்தையும் உதடு அசையப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். தபால் அண்ணன், “அக்கா, நகரு, எங்க பேரையும் பார்க்கணும்” என்று பின்னாலிருந்து தள்ளினார். “இருடா, இருபத்திநாலு வருஷமா நான் என்ன செஞ்சேன்னு இப்பத்தான் தெரியுது, நிம்மதியாப் படிக்க விடு” என்றார். உடனே கண்ணாடி சரியில்லை என்று துடைக்க ஆரம்பித்தார்.

பிறகு என் மேசைக்கு வந்து நின்றார். “தேர்வு கம்ப்யூட்டர்லயாமே? எனக்கு ஒரு விரல்தான் வேலை செய்யும்.”

“மூணு வாரம் இருக்குக்கா. மத்தியானம் அரை மணி நேரம் உக்காருங்க.”

“உக்காருவேன். பாஸ் பண்ணலேன்னா அது என் தப்பு, உன் கணக்குல எழுதிக்காதே. உனக்கு எழுத ஏற்கெனவே நிறைய இருக்கு.”

அழைப்பு வராத மூவரில் நகல் எடுப்பவர் ஒருவர். காரணம்: ‘மணிவாரிக் குறிப்பு இல்லை.’ அந்த அரைப் பக்கம்தான். போன வியாழக்கிழமை வகுப்புக்கு ஓடாமல் பத்து நிமிடம் நின்றிருந்தால் அது நான்கு பக்கம் ஆகியிருக்கும். அவரிடம் போய்ச் சொன்னேன். “போ போ, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், எனக்கு வயசிருக்கு” என்று மெஷினைத் தட்டினார். கோபம்தான். மேல்முறையீட்டுக்குப் பத்து நாள் இருக்கிறது. புதிதாக இரண்டு நாள் குறிப்பு எழுதலாம் என்று சொன்னேன், இந்த முறை நானே பார்த்து எழுதுகிறேன் என்றும் சொன்னேன். அவர் மெஷினை மூடிவிட்டுக் கிளம்பினார். ஆனால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே மெஷினைத் துடைத்துத் தயார் செய்வேன், அதையும் சேர்த்து எழுத வேண்டுமென்றால் சீக்கிரம் வர வேண்டும் என்று போகும்போது கத்தினார்.

மாலை கண்காணிப்பாளரிடம் கோப்பு கொண்டு போனபோது, மீதித் தாள்களில் உள்ளவர்களும் இப்படித்தானா என்று கேட்டார். அவர்களுக்கு மேற்படி போடவில்லை, ஆனால் அவர்களையும் கேட்கவில்லை, எல்லாம் நியமன ஆணைதான் என்றேன். “என்னோடதுமா?” என்றார். உங்களுடையதும் என்றேன். தன் வரியைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். ‘பிரிவை மேற்பார்வையிடுதல்.’ நீண்ட நேரம் பார்த்தார்.

“சரி, எல்லாரையும் கேளு” என்றார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை. சொல்ல மறந்திருக்கலாம்.

நாளை: காலை ஒன்பது மணிக்குத் தரைத்தளத்தில் தொடங்கி, மீதமுள்ள நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேரையும் அவரவர் இடத்திலேயே போய்ப் பார்த்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். மத்தியானம் ஒன்றரைக்கு அக்காவுக்குத் தட்டச்சு. தாள்களின் பின்பக்கத்துக்கும் இன்றே கோடு போட்டு வைக்க வேண்டும்.